சுழி பார்த்த செக்ரட்டரி

என் வீட்டு வாசற்படியில் கால் துடைக்க ஒரு பாய்த் துண்டு கிடக்கிறது. தேங்காய் நாரில் முறுக்கிய கயிற்றால் நெய்தது. இரண்டு முழ நீளம், ஒரு முழ அகலம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நார் நசுங்கி, பின்னல் தெரியாமல் வழவழவென்று ஆகியிருக்கிறது. பார்க்கிறவர்கள் காலால் தேய்ந்தது என்று நினைப்பார்கள். அது பந்து விழுந்து தேய்ந்த இடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் வேலை பார்த்த மில்லின் கிரிக்கெட் மைதானத்தில் விரித்திருந்த பாயிலிருந்து நானே வெட்டி எடுத்து வந்தது. வெகு காலம் பரணில் சுருட்டி வைத்திருந்தேன். ஒரு பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது என் மனைவி எடுத்து வாசலில் போட்டுவிட்டாள். ஏன் போட்டாய் என்று நான் கேட்டால், ஏன் வைத்திருந்தீர்கள் என்று அவள் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. பேசாமல் இருந்துவிட்டேன். வாழ்க்கையில் முக்கால்வாசி இடங்களில் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

அந்தப் பாயைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் செக்ரட்டரியின் முகம் நினைவுக்கு வருகிறது. மில்லில் அவருக்கு வேறு என்ன வேலை என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. முதலாளிக்குச் சம்பந்தி வழியில் ஏதோ உறவு. சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று விளையாட்டு கிளப்புக்குச் செக்ரட்டரி ஆக்கினார்கள். வெள்ளைக் கால்சட்டை, வெயிலுக்குத் தக்கைத் தொப்பி, கையில் ஒரு பிரம்பு. மட்டையைப் பிடித்து ஒரு பந்தை அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அடித்தவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அவருடைய குடும்பம் காங்கேயம் பக்கம். மாடு வளர்த்த குடும்பம். அதனால் தனக்கு மாட்டைப் பார்த்ததும் குணம் தெரியும் என்றும், மாட்டைத் தெரிந்தவனுக்கு மனிதனைத் தெரிவது பெரிய காரியமில்லை என்றும் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாடு பார்ப்பதில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை நாங்கள் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிட்டோம். மைதானத்தை அமுக்கும் கல் உருளையை எட்டுப் பேர் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. இனி மனிதன் இழுக்க வேண்டாம் என்று தாமே போய் ஒரு ஜோடி காளை பிடித்து வந்தார். நெற்றியில் இப்படிச் சுழி, திமிலில் அப்படிச் சுழி, ராஜா வீட்டில் நிற்க வேண்டிய ஜோடி என்று அரை மணி நேரம் விளக்கினார். உருளையில் பூட்டினோம். இருபது அடி இழுத்தன. பிறகு ஆடுகளத்தின் நட்டநடுவில் இரண்டும் சேர்ந்தாற்போல் படுத்து அசைபோட ஆரம்பித்தன. வாலை முறுக்கியும் எழவில்லை. கடைசியில் எட்டுப் பேரும் உருளையை மட்டுமல்லாமல் காளைகளையும் இழுக்க வேண்டியதாயிற்று. "சுழியெல்லாம் நல்லாத்தாங்க இருக்குது, காலுதான் நடக்கமாட்டேங்குது" என்று மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. செக்ரட்டரி அசரவில்லை. "மண்ணுல ஏதோ கோளாறு. வாயில்லா சீவனுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலை" என்றார். அதுதான் அவர். சுழி தப்பாகாது, மண்தான் தப்பாகும்.

என் வேலை அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்வது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது நல்ல வேலை. காலையில் மண்ணைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பாயை விரித்து, இரும்பு முளைகளை அடிப்பேன். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பாயைப் பாம்பு படம் எடுப்பது போலத் தூக்கும். அப்போது இரண்டு மடங்கு முளை அடிக்க வேண்டும். சாயங்காலம் சுருட்டி ஷெட்டில் வைக்கும்போது எந்த இடத்தில் நார் பிரிந்திருக்கிறது என்று தடவிப் பார்த்துச் சாக்குச் சணலால் தைப்பேன். பாயைத் தடவினால் அன்றைக்கு யார் எப்படிப் பந்து போட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆட்டத்தின் சட்டதிட்டம் எனக்குப் பாதிதான் தெரியும். ஆனால் பாய் தெரியும்.

பக்கத்து ஹைஸ்கூலுக்கு மைதானம் கிடையாது. மில் தயவில் எங்கள் மைதானத்தில்தான் விளையாடுவார்கள். அவர்களில் ஒரு பையன், கடைசி வருஷம் படிப்பவன், எல்லோரும் போன பிறகும் தனியாக நின்று பந்து போட்டுக்கொண்டிருப்பான். ஒல்லி. காலில் செருப்புக்கூடக் கிடையாது. எதிரே ஒற்றைக் குச்சியை நட்டு, பழைய பந்து ஒன்றை வைத்துக்கொண்டு, போட்டதை அவனே ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி போடுவான். அவனுடைய அப்பா எங்கள் மில்லில் பஞ்சு உதறும் பிரிவில் இருந்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு வார்த்தை பேசினால் எட்டு முறை இருமுவார். அந்த வருஷத்தோடு அவரை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் செக்ரட்டரி ஓர் அறிவிப்பு செய்தார். ஹைஸ்கூல் பையன்களில் நல்ல ஆட்டக்காரன் ஒருவனைப் பார்த்து எடுத்து, மில் அணியில் சேர்த்து, ஆபீஸில் குமாஸ்தா வேலையும் கொடுப்பதாக. அந்த வேலை கிடைத்தால் பையன் பரீட்சை எழுதிவிட்டு நாற்காலியில் உட்காரலாம். கிடைக்காவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவுக்குப் பதிலாகத் தூசிக்குள் போக வேண்டும். இதை அவனே என்னிடம் சொன்னான். "பாயை இன்னுங் கொஞ்ச நேரம் உடுங்கண்ணா, நான் சுருட்டிக் குடுத்துட்டுப் போறேன்" என்று கெஞ்சுவான். நானும் விடுவேன். ஒரு மாதத்தில் பாயில் ஒரே ஓர் இடம் தேய்ந்தது. ஓர் உள்ளங்கை இடம்.

தேர்வு நாள் ஆடிக் காற்றில் வந்தது. இரண்டு பையன்கள் மிஞ்சியிருந்தார்கள். இவன் ஒருவன்; இன்னொருவன் எண்ணெய் ஆலைக்காரர் ஒருவரின் மகன், வாட்டசாட்டமானவன், புது பூட்ஸ் போட்டிருந்தான். செக்ரட்டரி புதுப் பந்து ஒன்றைக் கொடுத்தார். சிவப்புச் சாயம் காயாதது போன்ற பந்து. ஆளுக்குப் பன்னிரண்டு முறை போட வேண்டும். எண்ணெய் ஆலைப் பையன் போட்ட பந்துகளைக் காற்று எங்கெங்கோ கொண்டுபோயிற்று. பாய் முழுக்கக் குங்குமம் கொட்டினது போலச் சிவப்புத் திட்டு. இவன் போட்ட பன்னிரண்டும் அந்த உள்ளங்கை இடத்துக்குள் விழுந்தன. அங்கே விழுந்து, மட்டைக்காரனின் முட்டி உயரத்துக்கு எழும்பி, உள்ளே திரும்பின. நாலு முறை குச்சி பறந்தது. பறந்த குச்சியை நான்தான் பொறுக்கி நட்டேன். செக்ரட்டரி எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறீர்கள்? அவர் குடை நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பந்து போடுவது முடிந்த பிறகுதான், இனித்தான் தன் வேலை ஆரம்பம் என்பது போல எழுந்து வந்தார்.

முதலில் எண்ணெய் ஆலைப் பையனைச் சுற்றி வந்தார். கெண்டைக்காலைப் பிரம்பால் தட்டினார். பல்லைக் காட்டச் சொன்னார். உச்சந்தலையில் முடியை விலக்கிப் பார்த்து, "பாருங்க, ஒத்தைச் சுழி, வலஞ்சுழி, நட்ட நடுவுல. அடடா!" என்றார். பிறகு இவனிடம் வந்தார். "குனி தம்பி" என்றார். என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, முடியை விலக்கிப் புடி" என்றார். வேர்த்து ஈரமாயிருந்த அந்தத் தலையை நான் பிடித்தேன். பின்கழுத்தில் முடி இறங்கும் இடத்தில் சின்னதாக ஒரு சுழி, கீழ்நோக்கி ஓடியது. செக்ரட்டரி உச்சுக்கொட்டினார். மாட்டுக்கு முதுகில் முடி இப்படி இறங்கினால் எங்கள் பக்கத்தில் இறங்கு பூரான் என்பார்கள். அந்த மாடு போன வீடும் இறங்கிவிடும் என்று சந்தையில் யாரும் கயிற்றைத் தொடமாட்டார்கள்.

"இறங்கு பூரானுங்க மாஸ்டர். இவனைச் சேத்தா டீமே இறங்கிப்போகும்" என்றார் செக்ரட்டரி.

ஹைஸ்கூலின் டிரில் மாஸ்டர் நல்ல மனிதர். "ஏனுங்க, பையன் போட்ட பந்தைப் பாத்தீங்களா? மாட்டுக்குப் பாக்கறதை மனுசனுக்குப் பாத்தா எப்படிங்க?" என்று கேட்டார்.

"பந்து இன்னிக்கு வரும், நாளைக்கு வராதுங்க. சுழி மாறுமுங்களா?" என்றார் செக்ரட்டரி. பிறகு மைதானத்தைப் பிரம்பால் ஒரு சுற்றுச் சுட்டிக்காட்டி, "இடம் எங்களுது, விளையாடறது உங்க பசங்க. அதுல நாங்க ஏதாச்சும் கொறை வெச்சமுங்களா?" என்று சிரித்தார். டிரில் மாஸ்டருக்குப் புரிந்தது. அவர் கழுத்தில் தொங்கிய விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. டிரில் மாஸ்டர் கேட்ட கேள்வி எங்கோ உறுத்தியிருக்கலாம். "நீ தெனமும் பாக்கறவனாச்சே. நீ சொல்லு, இவன் எப்படி?" என்றார்.

பையனின் தலை இன்னும் என் கையில் இருந்தது. குனிந்தபடியே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான், விரல்களில் தெரிந்தது. பத்தடி தூரத்தில் பாய் கிடந்தது, சாட்சி சொல்வது போல. இங்கே வந்து பாருங்க, பன்னிரண்டும் ஒரே இடமுங்க என்று சொன்னால் போதும். இத்தனை பேருக்கு நடுவில் அதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். நான் சொன்னது இதுதான்: "உங்களுக்குத் தெரியாததுங்களா."

எங்கள் ஊரில் பெரியவர்கள் எதைக் கேட்டாலும் இப்படிச் சொல்வது மரியாதை. கல்யாணத்தில் சொல்வோம், பஞ்சாயத்தில் சொல்வோம். கேட்டவருக்கும் மனசு குளிரும், சொன்னவனுக்கும் பொறுப்பு கிடையாது. செக்ரட்டரிக்கு மிகவும் குளிர்ந்தது. "கேட்டீங்களா மாஸ்டர்? பாய் விரிக்கிறவனுக்கே தெரியுது" என்றார். நான் கையை எடுத்தேன். பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. அவன் தன் பின்கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான், அங்கே என்ன இருக்கிறது என்பது போல.

எண்ணெய் ஆலைப் பையன் மில் அணிக்காக இரண்டு ஆட்டம் ஆடினான். இரண்டிலும் எதிரணிக்காரர்கள் அவன் பந்தை மைதானத்தைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் அடித்தார்கள். பந்து தேடவே நான் இரண்டு ஆள் வைக்க வேண்டியிருந்தது. செக்ரட்டரி சுழியைப் பற்றி வாயே திறக்கவில்லை. மைதானத்துக்குத் திருஷ்டி என்று நாலு மூலையிலும் பூசணிக்காய் உடைத்தார். அதன் சிதறலைப் பொறுக்கியதும் நான்தான். அந்த எண்ணெய் ஆலைப் பையன் விளையாட்டை விட்டுவிட்டு ஆபீஸ் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்துகொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எந்தத் தலையில் சுழி எப்படி விழும் என்று அவனா கேட்டான்?

இரண்டு வருஷம் கழித்துப் பாய் மாற்றினார்கள். அப்போதுதான் அந்தத் துண்டை வெட்டிக்கொண்டேன். அடுத்த மழைக்காலத்தில் என்னை மில்லுக்குள் மாற்றினார்கள். அங்கே நூல் சுற்றும் பிரிவில் அந்த ஒல்லிப் பையனைப் பார்த்தேன். அப்பாவின் இடத்தில் ஒரு வருஷம் தூசி தின்றுவிட்டு அங்கே வந்திருந்தான். நூல் தீர்ந்து காலியான மரக் கட்டைகளைக் கூடையில் போடுவது அவன் வேலை. மற்றவர்கள் கூடைவரை நடந்துபோய்ப் போடுவார்கள். அவன் நின்ற இடத்திலிருந்தே, இரண்டு மெஷின்களுக்கு மேலாக, திரும்பிப் பார்க்காமல் எறிவான். கட்டை போய்க் கூடையில் விழும். ஒன்றுகூடத் தவறாது. ஒருநாள் செக்ரட்டரி யாரோ விருந்தாளிகளுக்கு மில்லைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். கட்டை பறப்பதைப் பார்த்து நின்றார். இவன் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "என்ன தம்பி, விளையாடறதுக்கா மில்லுக்கு வந்தே? நடந்து போய்ப் போடு" என்றார். "சரிங்க" என்று அவன் நடந்து போய்ப் போட்டான். செக்ரட்டரி விருந்தாளிகளிடம், ஆளைப் பார்த்ததும் எடைபோடுவதில் தனக்கு இதுவரை தப்பு வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார். விருந்தாளிகள் தலையாட்டினார்கள். நானும் பழக்கதோஷத்தில் ஆட்டியிருப்பேன்.

செக்ரட்டரி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது. அவரை நான் மூடர் என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தேன். அந்த நிம்மதியும் போன மாதம் போய்விட்டது. அவன் என் வீட்டுக்கு வந்திருந்தான். இப்போது அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. முடியை மட்டும் பின்கழுத்தை மூடும்படி நீளமாக வைத்திருக்கிறான். வாசலில் நின்று, அந்தத் துண்டில் இரண்டு காலையும் அழுத்தித் துடைத்துக்கொண்டே பேசினான். அவன் மகன் ஹைஸ்கூலில் சேர்ந்திருக்கிறானாம். பந்து போடுகிறானாம். அடுத்த வாரம் பள்ளிக்கூட டீமுக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

"எப்படிப் போடறான்?" என்று கேட்டேன்.

"அதை நான் போய்ப் பாக்கலீங்கண்ணா. ஆனா பின்கழுத்துல ஒண்ணுமில்லீங்க. சுத்தமா இருக்குது. நானே முடியை விலக்கிப் பாத்துப்போட்டேன்" என்றான். முகமெல்லாம் சந்தோஷம்.

இருபது வருஷம் அவன் அதை நம்பிக்கொண்டு வாழ்ந்திருக்கிறான். செக்ரட்டரி மட்டும் சொல்லியிருந்தால் மறந்திருப்பான்; அவரைப் பற்றி ஊருக்கே தெரியும். தலையைப் பிடித்திருந்தவன், தினமும் பந்தைப் பார்த்தவன், பாய் விரிக்கிறவன் ஆமாம் என்று சொன்னதால்தான் நம்பினான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் குனிந்து காலடியைப் பார்த்து, "நடுவுல ரொம்பத் தேஞ்சு போச்சுங்கண்ணா. இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றான்.

"சரிங்க" என்றேன்.

அவன் தெருத் திரும்பும்வரை நின்றுவிட்டு, பாயை எடுத்து உதறி, அதே இடத்தில் போட்டேன். பிறகு அதன்மேல் கால் வைக்காமல் தாண்டி உள்ளே போனேன்.