துவக்குக் கட்டைக்கு ஒரு தோலுறை

சனிக்கிழமை காலையில் பாத்திரம் கழுவுவது கேதீஸ்வரனின் முறை. பிட்டுக்குழலைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். குழலைச் சுற்றி மண்ணிறக் கறை. மணமும் பிட்டு மணமில்லை.

"நேசம், இஞ்சை வா. இதிலையோ மாட்டுத்தோலைக் கட்டினனீ?"

"ஓம். அதை எறியுங்கோ. வேறை வாங்குவம்."

"பிட்டோடை இறைச்சியையும் சேர்த்தே அவிச்சிருக்கலாமே!"

அவன் மனைவி நேசமலர் சிரிக்கவில்லை. திரும்பி வந்த தோலுறை அவள் கையில் இருந்தது.

அவர்கள் குடியிருக்கும் டார்னெய்டிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் உள்ள குதிரைச்சேணக் கடையில் அவள் எட்டு வருடமாகத் தைக்கிறாள். வெட்டுவது முதலாளி கிறேக், தைப்பது அவள். போன மாதம் மான் வேட்டைக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய துவக்கில், குழலுக்குக் கீழே இடக்கை தாங்குகிற மரக்கட்டையைக் கம்பிவேலி கீறாமல் காக்க ஒரு தோலுறை வேண்டும். கிறேக் அதை முழுதாக இவளிடம் விட்டார். சரிவந்தால் வேட்டைக்காரர்களின் வேலையெல்லாம் இனி இவளுக்கு, வெட்டுமேசையும் இவளுக்கு.

துவக்கைக் கொண்டுவரட்டுமா என்று அந்த மனிதர் கேட்டபோது மறித்தவளே இவள்தான். சுற்றளவை எழுதித் தந்தால் போதும் என்றுவிட்டாள். அகதியாகப் படகில் வந்து பதின்மூன்று வருடம், நிரந்தர விசா இன்னும் கைக்கு வரவில்லை. அதற்கு ஏதும் பிழை வந்துவிடும் என்ற பயத்தில் துவக்கு இருக்கிற அறைக்குள் நிற்கவே மனம் வரவில்லை. வீட்டில் அந்தச் சுற்றளவுக்கு ஒத்து வந்தது பிட்டுக்குழல். ஈரத்தோலை அதில் இறுக்கிக் காயவிட்டு, மெழுகுநூலால் தைத்தாள். பார்க்க அழகாகத்தான் வந்தது. ஆனால் துவக்கின் கட்டை உருண்டையில்லை, அடி தட்டை. பிடித்த கைக்குள் உறை வழுக்கிச் சுழன்றதாம், அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தோலிலை பிழையில்லை," என்றாள். "கட்டையைப் பாக்காமல் செய்தது பிழை. பதினொரு மணிக்கு அந்த மனுசன் துவக்கோடை கடைக்கு வாறார். கட்டையிலை ஈரம் படாமல் பொலித்தீன் சுத்திப்போட்டு, புதுத்தோலை நனைச்சு அதிலேயே வைச்சு அமத்தப் போறன்."

கேதீஸ்வரன் குழாயைப் பூட்டினான். "விசா வாற நேரத்திலை துவக்கைப் பிடிக்கப் போறியோ? ஆரும் படமெடுத்துப் போட்டால்?"

"துவக்கை அவர் பிடிப்பார். நான் தோலைப் பிடிப்பன்."

"கதைக்க நல்லாத்தான் இருக்கு. கிறேக்கைச் செய்யச் சொல்லன்."

"கிறேக் செய்தால் மேசையும் கிறேக்கின்ரைதான். எட்டு வருசமா அவர் வெட்டினதைத் தைச்சாச்சு, காணும்."

புதிதாக வெட்டிய தோலைச் சுருட்டிப் பையில் வைத்தாள். குத்தூசியும் நூலும் வைத்தாள். பொலித்தீன் சுருளை அலுமாரியிலிருந்து எடுத்து அதையும் திணித்தாள்.

"இப்ப வெளிக்கிட வேணும். நீங்கள் கார் ஓடுறியளோ, நான் பஸ் பிடிக்கட்டோ?"

கேதீஸ்வரன் கழுவி வைத்த கோப்பையையே திரும்ப எடுத்துத் தேய்த்தான். பையின் சிப்பை இழுத்து மூடும்வரை அவள் அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு குசினியை விட்டு பஸ் பிடிக்க வெளியே போனாள்.