எட்டாவதாக வர மறுத்தவர்

முப்பது கிலோ ஈயத்தை என் கையாலேயே அவருடைய காரில் ஏற்றினேன். இருக்கைக்குப் பக்கத்தில் தகடு தகடாக அடுக்கி, போல்ட் போட்டு முடுக்கினேன். வெயிலில் ஈயம் கையைச் சுட்டது. அன்று காலைதான் அவர் ஒரு பந்தயத்தில் வென்றிருந்தார். வென்றதற்காகவே அந்தச் சுமை.

நான் உறையூரில் கார் மெக்கானிக். எங்கள் முதலாளி ஷெட்டிலேயே ஒரு பந்தயக் காரைத் தயார் செய்து, சென்னைக்கு அருகே நடக்கும் தொடர் போட்டிக்கு அனுப்பிவந்தார். ஓட்டியவர் திருவானைக்காவலைச் சேர்ந்த பெண். என்னைவிட வயதில் சிறியவர் என்றாலும் எங்கள் எல்லாருக்கும் அவர் மேடம்தான். பயிற்சி முடிந்து ஊர் திரும்பியதும், எந்த வளைவில் எங்கே பிரேக் போட்டார் என்பதை ஷெட் தரையில் சாக்பீஸால் வரைந்து வைப்பார். அதை மிதித்துவிடாமல் நாங்கள் ஒரு வாரம் சுற்றிச் சுற்றி நடப்போம்.

ஒருவரே ஜெயித்துக்கொண்டிருந்தால் போட்டி சப்பென்று போய்விடும் என்று அங்கே சில விதிகள் வைத்திருந்தார்கள். ஒரு நாளில் இரண்டு பந்தயம். காலையில் வென்ற கார் மதியம் முப்பது கிலோ கூடுதலாகச் சுமக்க வேண்டும். முதல் எட்டு இடங்களும் தலைகீழாக மாறும்: வென்றவர் எட்டாவதாகப் புறப்படுவார், எட்டாவதாக வந்தவர் எல்லாருக்கும் முன்னால் நிற்பார். இந்த விதிகளைத் திட்ட எனக்கு வாய் வராது. முந்தைய ஆண்டு எங்கள் பழைய கார் தட்டுத்தடுமாறி எட்டாவதாக வந்து, மதியம் முன்னால் நின்றதால்தான் எங்களுக்கு ஒரு கோப்பையே கிடைத்தது.

நான் ஈயம் ஏற்றிய ஆண்டு கார் நன்றாக அமைந்துவிட்டது. கடைசி நாளுக்குப் போகும்போது மேடமும் சென்னை ஓட்டுநர் ஒருவரும் அந்த ஆண்டின் பட்டத்துக்கான புள்ளிகளில் சமமாக இருந்தார்கள். அந்த நாளின் மதியப் பந்தயத்துக்கு இரட்டைப் புள்ளி. ஊரைவிட்டுக் கிளம்புமுன் முதலாளி ஷெட்டில் பேச்சை எடுத்தார்.

"மேடம், காலையில கொஞ்சம் விட்டுக்குடுங்க. எட்டாவதா வந்தாப் போதும். மத்தியானம் ஈயமும் கிடையாது, முன்னாடியும் நிப்பீங்க. பட்டம் நம்ம கையில."

"வேணும்னே பின்னாடி வரச் சொல்றீங்களா?"

"விதியில இடம் இருக்கே. யாரும் தப்புன்னு சொல்ல முடியாதுங்க."

"போன வருஷம் எட்டாவதா வந்தோம்னா, அதுக்கு மேல நம்மால முடியலை. இப்ப முடியுது. முடியறப்ப பிரேக்குல கால வச்சுக்கிட்டு உக்கார எனக்கு வராதுங்க. எடை போடட்டும், பின்னாடி நிறுத்தட்டும். ஓட்டிக் காட்டறேன்."

முதலாளி சொன்னதுதான் சரி என்று அன்று எனக்குப் பட்டது.

பந்தயத்தன்று காலை மேடம் வென்றார். சென்னை ஓட்டுநர் கடைசி வளைவில் வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு, சரியாக எட்டாவதாக வந்தார். கூட்டம் ஊளையிட்டது.

மதியம், "நல்லா இறுக்கிட்டீங்களாண்ணே?" என்று மேடம் கேட்டார். "இறுக்கிட்டேன் மேடம்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

கனமான கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் மற்றவர்களுக்கு முன்பே பிரேக் போட்டு, வளைவைவிட்டு வெளியேறும் இடத்தில் அவர்களுக்கு முன்பே வேகமெடுத்து முந்தினார். ஏழாவது, ஆறாவது, ஐந்தாவது, நான்காவது. வெகு முன்னால் சென்னை ஓட்டுநர் தனியாகப் போய் வென்றுவிட்டார். காலையில் வென்ற புள்ளிகள் இருந்ததால், மேடம் மூன்றாவதாக வந்தால்கூடப் பட்டம் அவருக்குத்தான். கடைசிச் சுற்றில் மூன்றாவது காரின் பக்கத்தில் வந்துவிட்டார். முடிவுக் கோட்டில் அரை கார் நீளம் குறைந்தது. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போனது.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. "கடைசி வளைவுல அவசரப்பட்டுட்டேன்ணே" என்றார். விதியைப் பற்றியோ ஈயத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவரை பட்டத்தை எண்ணித் தவித்துக்கொண்டிருந்த எனக்கு, இவருடைய காரில் கைவைக்கக் கிடைத்ததே போதும் என்று தோன்றியது.

ஒரு வாரம் கழித்து, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் அமர்ந்து, போட்டி நடத்துபவர்களுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினார். எடையை நீக்கச் சொல்லவில்லை. தலைகீழ் வரிசையையும் நீக்கச் சொல்லவில்லை. "சின்ன டீமுக்கு அதுதானேண்ணே வழி" என்றார். எத்தனை இடங்களைத் திருப்புவது என்பதைக் காலைப் பந்தயம் முடிந்த பிறகு குலுக்கிப் போட்டு எடுங்கள், அப்போது யாரும் குறிவைத்துத் தோற்க முடியாது. அவர் கேட்டது அவ்வளவுதான். மற்ற ஓட்டுநர்களிடம் கையெழுத்து வாங்கப் போனபோது, முதலில் போட்டவர் அந்தச் சென்னை ஓட்டுநர். "எப்படி ஜெயிச்சேன்னு வீட்டுல சொல்லவே ஒரு மாதிரியா இருக்கு மேடம்" என்றாராம்.

இன்று அந்தப் போட்டியில் குலுக்கல்தான். மேடம் இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டு நிறுத்தினார். உறையூரில் எனக்குச் சொந்தமாக ஒரு ஷெட் இருக்கிறது. வண்டி எடுக்க வருபவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் அவருடைய படத்தைப் பார்த்து, "எத்தனை பட்டம் வாங்கினாங்க?" என்று கேட்பார்கள்.

"ஒண்ணுகூட இல்லைங்க. உக்காருங்க, சொல்றேன்" என்பேன்.