பைப்புக்கு ஒத்தடம்

ஆடுகோடியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது விடிந்துவிட்டது. பொம்மசந்திராவில் நான் இருந்த பாலிஷ் பட்டறையை முதலாளி பூட்டிவிட்டார். காய்கறி லாரி ஒன்று மடிவாளா வரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டது. மீதிக்குக் கால் இருந்தது. சிவாஜிநகர் துணிக்கடைகளில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னது நினைவிருந்தது, சொன்னவன் யாரென்று நினைவில்லை. ஜனவரி மாதம். அந்த வாரம் பெங்களூரில் வழக்கத்தைவிடக் குளிர் அதிகம், வாயைத் திறந்தால் புகை வந்தது. இருந்த இரண்டு சட்டைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டிருந்தேன். அதனால் பை காலி, தூக்கி நடக்கச் சுலபம்.

விவேக் நகரில் ஒரு சந்துக்குள் போனபோது, ஒரு வீட்டு வாசலில் பெண்ணொருத்தி காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

"அதைத் தவிர எது வேணாலும் கேளு தம்பி. ஐஸ் வேணுமா?"

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால், முன்னறை முழுவதையும் அடைத்துக்கொண்டு குச்சி ஐஸ் போடும் பெரிய மரப்பெட்டி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்கிற தொழில். மறுநாள் கோயில் திருவிழா. குளிர்காலத்தில் ஐஸ் விற்பது திருவிழா நாட்களில் மட்டும்தான் என்பதால் ராத்திரியெல்லாம் மெஷினை நிறுத்தவில்லை. இடம் போதவில்லையென்று பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியும் வைத்திருந்தார்கள். அந்தச் சுவரில்தான் தெருவிலிருந்து தண்ணீர் பைப் வருகிறது. பெட்டியின் பின்பலகை உடைந்த இடத்தில், உள்ளேயிருந்த இரும்புத் தொட்டி பைப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பைப்பில் நின்ற தண்ணீர் உறைந்துவிட்டது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி விடறான். வெயில் ஏறிச்சுன்னா நின்னுரும்" என்றாள். "இன்னிக்கு டிரம் ரொம்பலைன்னா நாளைக்கு ஐஸ் இல்ல. ஐஸ் விக்கற வண்டிக்காரங்க நீலசந்திரா ஐஸ் கம்பெனிக்குப் போயிருவாங்க. ஒரு வாட்டி போனா திரும்ப மாட்டாங்க."

புருஷன் பிளம்பரைத் தேடிப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் வாளி நிரம்புகிற சத்தம் கேட்டது.

"அவங்க வீட்ல வருதே, அக்கா."

"இந்த மெஷின் மோட்டார் சத்தத்தால அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சு இல்ல."

பையை வைத்துவிட்டு உள்ளே போனேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சாக்குகளைத் திணித்து வைத்திருந்தார்கள். ஒன்றை இழுத்தேன். சாக்குக்குள்ளிருந்து கல்லுப்பு பொலபொலவென்று கொட்டியது, கூடவே உறைபனிப் பொடியும்.

"எங்க வீட்டுக்காரர் வைத்தியம். உப்பு போட்டா ஐஸ் கரையும்னு கட்டிட்டுப் போனாரு" என்றவள், அந்தச் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "குல்பி பானையைச் சுத்தி இப்படித்தானே கட்டுவோம். ஐஸ், மேல உப்பு, மேல சாக்கு. உப்பு சேர்ந்தா குளிரு இன்னும் ஏறும். மனுசன் பைப்புக்கு குல்பி போட்டுட்டுப் போயிருக்காரு."

சாக்குகளையெல்லாம் உருவி எறிந்தோம். மெஷினை நிறுத்த வேண்டும் என்றேன். அவள் சிரிப்பு நின்றது. உள்ளே அச்சுகளில் பாதி உறைந்த பால் ஐஸ் இருந்தது, நிறுத்தினால் இளகிவிடும். பெட்டியைப் பார்த்தாள், பைப்பைப் பார்த்தாள், போய் சுவிட்சை அணைத்தாள். இரண்டு பேருமாகப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் நகர்த்தினோம்.

வெந்நீர் ஊற்றலாம் என்றால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து, அங்கே மூட்டையாகக் கிடந்த கல்லுப்பில் இரண்டு கை அள்ளிப் போட்டு வறுத்தாள். படபடவென்று வெடித்தது. பழைய சேலைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள்.

"சுளுக்குக்கு ஒத்தடம் குடுக்கறதில்லையா, அப்படிக் குடு. குழாயைத் திறந்து வச்சுக்க."

குழாய்ப் பக்கமிருந்து ஆரம்பித்துப் பெட்டியை நோக்கிப் போனேன். பைப்பின் மேல் படிந்திருந்த வெள்ளை முதலில் ஈரமானது, பிறகு துடைத்தால் வந்தது. ஒரு முடிச்சு ஆறுவதற்குள் அவள் அடுத்ததை வறுத்துக்கொண்டு வந்தாள். எத்தனையோ இடத்தில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன், அவ்வளவு இதமாகக் கை காய்ந்த வேலை வேறு இல்லை. வாசலில் வெயில் படி ஏறியது. அவள் அதையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் குழாய் இருமியது. பிறகு விரல் நீளத்துக்கு ஒரு ஐஸ் துண்டு விழுந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது, நூலாக, பிறகு கயிறாக. அவள் குடத்தைப் பிடிக்க மறந்து நின்றாள். நான்தான் டிரம்மை இழுத்து அடியில் வைத்தேன்.

அரை டிரம்முக்குக் கொஞ்சம் மேலே நிரம்பியபோது தண்ணீர் நின்றது. அந்த நேரத்தில் புருஷன் வந்தார், தனியாக.

"பிளம்பர் மத்தியானம் வர்றேங்கறான்."

"வந்தா ஒரு குல்பி குடுத்து அனுப்புங்க. நீங்கதான் ரொம்ப நல்லா போடறீங்களே" என்றாள்.

அவர் கீழே கிடந்த சாக்குகளைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரிது?" என்று கேட்டார்.

"தண்ணி கேட்டு வந்த தம்பி."

அப்போதுதான் நான் இன்னும் குடிக்கவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்து, ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். பல் கூசியது. அச்சில் இளகிய பாலைக் காய்ச்சி ஆளுக்கொரு டம்ளர் ஊற்றினாள். மீதியை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே கன்னடத்தில் என்ன பேசினார்களோ, திரும்பி வரும்போது தூக்கு காலியாக இருந்தது. பையன் ஒருவன் பின்னாலேயே இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்தான். டிரம் முக்கால் ஆயிற்று. வழக்கமான வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் போதும், இன்னும் ஒரு சைக்கிள் பெட்டிக்கும் காணும் என்று புருஷன் கணக்குப் போட்டார்.

"அதை யாரு விக்கறது?" என்றாள் அவள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சிவாஜிநகர் எங்கேயும் போய்விடாது. அன்று அவர்கள் வீட்டிலேயே படுத்தேன். மறுநாள் காலை, மப்ளரும் குரங்குக் குல்லாயும் போட்டு இருமிக்கொண்டே கோயிலுக்குப் போன கூட்டத்துக்கு நடுவே, சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டி மணியடித்துக் குச்சி ஐஸ் விற்கிற வேலையில் சேர்ந்தேன்.