அப்பா களையெடுத்த கழுவெளிக் கரை

பக்கத்து நிலத்தில் காலையில் களைக்கொல்லி தெளித்தார்கள். நெடி மூக்கில் ஏறியதும் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் அப்பாவின் நினைவு உள்ளே வந்துவிட்டது. களைக்கு மருந்தடிப்பதை அவர் பார்த்திருந்தால், "கைக்கு இன்னா நோவு?" என்று கேட்டிருப்பார்.

கோலியனூர்க்காரரான அப்பாவுக்குக் களையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அது வேர்க்கடலை போட்ட எங்கள் மல்லாட்டைக் கொல்லையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதுகூட, பிளாட்பார வெடிப்பில் முளைத்த புல்லைக் குந்திக்கொண்டு பிடுங்குவார். அவர் யாரோ நான் யாரோ என்று நாலடி தள்ளி நிற்பேன். ரயில்வேக்காரர்கள் அவருக்கு ஒரு சம்பளம் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகன் கழுவெளிக்காரர். திண்டிவனத்துக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போன அக்கா, அவரைத் தானே பார்த்து, தானே முடிவு செய்து கட்டிக்கொண்டாள். கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து கிடக்கும் அந்தக் கழுவெளிச் சதுப்பின் ஓரத்தில் வீடு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதுதான் பிழைப்பு. "கேப்பைகூட வெளையாத ஊரு" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேரன் பிறந்த பிறகு மல்லாட்டை மூட்டையோடு போய்வருவார். ஆனால் அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அப்பா தன் வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு ஆசையே கிடையாது. ஒவ்வொரு முறையும் இலை போட்டுப் பார்ப்பாள். அவர் பஸ்ஸைக் காரணம் காட்டி எழுந்துவிடுவார்.

ஒரு ஆவணியில் நானும் கூடப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் கரை முழுக்க உமிரி மண்டிக் கிடந்தது. கொழுகொழு இலையோடு, சிவப்பும் பச்சையுமாய், கடித்தால் உப்புக் கரிக்கும் செடி. அதைக் கண்டதும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகளுக்கு ஏதாவது செய்ய வழி கிடைத்துவிட்டது. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் திண்டிவனம் போயிருந்த நேரம். திரும்பி வருவதற்குள் கரையைக் களத்துமேடு மாதிரி வழித்து வைத்துவிட்டார். கோரையைக்கூட விடவில்லை. அள்ளிக் கொட்டிய கூலியாள் நான்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் மட்டும், "நல்லா சுத்தமா கீது மாமா" என்றார், அழாத குறையாக.

அந்த வெயிலில் சேறு பாளம் பாளமாக வெடித்தது. நண்டு வளைகள் தூர்ந்துபோயின. நண்டு இல்லாத இடத்தில் கொக்குக்கு என்ன வேலை? ஐப்பசி மழையில், வேர்ப் பிடிப்பு இல்லாத கரை சரிந்து தண்ணீரில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்த ஓரத்தில் தடவினால் வெறும் சேறுதான் கைக்கு வந்தது. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"நீ புடுங்கனது களை இல்லப்பா. இறாலு குஞ்சுங்க அந்த வேருலதான் குடியிருந்துகினு வளருது. தாலூக்காபீசுல பட்டா வாங்கல, அவ்ளோதான்."

நாங்கள் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

மறுநாளே நடவுக் கயிற்றோடு அவளுடன் பஸ் ஏறினார். நானும் தொற்றிக்கொண்டேன். எதிர்க்கரையிலிருந்து உமிரிக் கொத்துகளைப் பெயர்த்து வந்து, முழங்கால் சேற்றில் குனிந்து, கயிறு பிடித்து நாற்று நடுவது போலவே நட்டார்.

"மாமா, அதுக்கு வரிசைலாம் வாணாம்."

"நடற கைக்கு வரிசை தெரியும்யா. நீ கயித்த இழுத்துப் புடி."

மருமகனிடம் அவர் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அது.

மாலையில் காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் இலை முன்னால் உட்கார்ந்தார். உமிரிக் கூட்டு. "உப்பு தூக்கலா கீது" என்று முகம் சுளித்துவிட்டு, இன்னொரு கரண்டிக்கு இலையைக் காட்டினார். அக்கா அடுப்படிக்குப் போய் அழுதாள்.

நட்டதில் பாதிதான் பிழைத்தது. அதுவும் அவருடைய வரிசையைக் கலைத்துக்கொண்டு இஷ்டத்துக்குப் பரவியது. நண்டு வந்தது, கொக்கு வந்தது, கடைசியாக இறாலும் வந்தது. அப்பாவோ கோலியனூர் டீக்கடையில், அத்தனை இறாலையும் தானே பெற்று வளர்த்ததுபோல் பேசித் திரிந்தார்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்தக் கரையில் இப்போது யாரோ வைத்த இறால் பண்ணை. மண்ணை வெட்டி மேடு போட்டு, நீலத் தார்ப்பாய் விரித்து, பொட்டுப் பச்சை இல்லாமல் வைத்திருக்கிறார்கள். அக்கா குடும்பம் திண்டிவனத்தில் வாடகை வீட்டில் இருக்கிறது. போன மாதம் அவளோடு அந்தக் கரைக்குப் போயிருந்தேன். வேலிக்கு வெளியே நின்று, அப்பா நட்ட இடம் எது என்று இரண்டு பேரும் தேடிக்கொண்டிருந்தோம். காவல்காரர் வந்து, "இன்னா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.