தேர்க் கொட்டகையில் கிடைத்த இடம்

அன்பான பங்கு மக்களே, என் மகள் பிலோமினாவுக்குக் காது கேட்காது. பிறவியிலிருந்தே. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் ராயபுரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பும். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். கேட்காததால் பேச்சும் வரவில்லை. தெருவில் அவளுக்கு ‘ஊமை’ என்றே பெயர். அந்தப் பெயரைக் கேட்காமல் இருக்கிறாளே, அதுவும் ஒரு கிருபைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் மதர் ஒருவர் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்புத் தொடங்கினார். கேள்விப்பட்டதும் பிலோமியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அறை நிறைந்துவிட்டது என்றார்.

“ஓரமா குந்திக்கட்டும் மதர். சின்ன ஒடம்பு. எங்க வூட்ல ஒரே பாயில எல்லாரும் படுத்துக்கலையா?” என்று கூடவே வந்த என் மனைவி திரேசா கெஞ்சினாள்.

மதர் எங்களை உள்ளே அழைத்துக் காட்டினார். பிள்ளைகள் வரிசையாக இல்லை. பிறை நிலாவைப் போல வளைந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கண்ணும் மதரின் உதட்டில்.

“இவர்கள் கண்ணால் கேட்கிறவர்கள். ஒரு தலைக்குப் பின்னால் இன்னொரு பிள்ளையை உட்கார வைத்தால், அந்தப் பிள்ளை வகுப்பில் இல்லாததுபோல்தான். இன்னோர் அறை கிடைத்தால் இன்னொரு வளைவு போடலாம். கற்பிக்க ஆள் இருக்கிறது. ஆனால் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும். நாளாக ஆக நாக்கு வளையாது.”

பிலோமி வாசலில் நின்று கழுத்தை நீட்டி, மதரின் உதடு அசைந்தபடியே தன் உதட்டையும் அசைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயே உடைந்துபோனேன்.

கோயில் வளாகத்தில் பூட்டிக் கிடந்த இடம் ஒன்றுதான். தேர்க் கொட்டகை. மாதாவின் தேர் வருஷம் முழுக்க அதற்குள் நிற்கும். ஆகஸ்டு திருவிழாவில் ஒரு மாலை மட்டும் வெளியே வரும். தேர்க் கமிட்டித் தலைவர் சூசை அண்ணனிடம் போய்க் கேட்டோம்.

“இன்னா லாசரு பேசுற? தேரை எங்க வெக்கிறது, உன் வூட்டு அடுப்பாண்டயா? உப்புக் காத்துல ஒரு மழைக்காலம் நின்னா மரம் பொடியாப்பூடும். எங்க நைனா கையால இழைச்ச தேருப்பா அது.”

“மாட்டுக் கொட்டாயில புள்ள பெத்தவ அண்ணே அவ. மழைக்கா பயப்படுவா?” என்றாள் திரேசா.

“வாயப் பாரு இதுக்கு! லாசரு, உன் பொஞ்சாதியக் கூட்டிகினு கெளம்பு.”

அவர் பொல்லாதவர் அல்ல. அவர் பயம் நியாயமான பயம். கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

திருவிழாவுக்கு முந்தின ஒன்பது நாள் ஜெபம், நவநாள், தொடங்கியது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோளோடு தினமும் கோயிலுக்கு வந்து முழங்காலில் நின்றேன். ‘அம்மா, காது கொடு, காது கொடு என்று கேட்டு ஓய்ந்துவிட்டேன். இப்போது இடம் கேட்கிறேன். உன் கொட்டகையை என் பிள்ளைக்குக் காலி செய்து கொடு.’ சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். குடியிருக்கும் தாயையே காலி செய்யச் சொல்கிறவன் உண்டா?

இனிமேல்தான் மாதாவின் வேலை!

பக்கத்துப் பங்கின் தேர் நம்முடையதைவிட உயரமாம். யாரோ கிளப்பிவிட்டார்கள். சூசை அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. தேரின் உச்சிக்கு இன்னும் உயரமாகப் புது மகுடம் செய்யச் சொன்னார். எப்போதும் தேரை வெளியே இழுத்த பிறகு மகுடத்தைக் கயிற்றால் கட்டி, பவனி முடிந்ததும் அவிழ்ப்பார்கள். இந்தத் தடவை ரயில்வே ஒர்க்‌ஷாப் இன்னாசி, கயிறு ஆடும் என்று சொல்லி, இரும்புப் பட்டை போட்டு ரிவிட் அடித்துவிட்டான்.

பவனி என்றால் பவனி! மேளம், வாணம், மல்லிகை, கடற்காற்று. பிலோமி தேர் மரத்தில் உள்ளங்கையை வைத்து மேளத்தின் அதிர்வை வாங்கிச் சிரித்துக்கொண்டே வந்தாள். பொழுது சாய, தேர் கொட்டகைக்குத் திரும்பியது. வாசலில் ‘டக்’ என்று நின்றது. மகுடம் வாசல் நிலைக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது.

“தள்ளுங்கப்பா!”

“தள்ளுனா மகுடம் பேந்துடும்ணே!”

“டேய் இன்னாசி, ரிவிட்ட ஒடைடா.”

“ஒடைச்சா மரமும் கூட வந்துடும்ணே. உறுதியா அடிச்சிக்கீறேன்.”

“உன் உறுதியக் கொண்டுபோயி கடல்ல போடு! வாசல அளந்தியாடா?”

“நீங்க தேரத்தானண்ணே அளக்கச் சொன்னீங்க!”

வாசல் நிலையை இடிக்கலாம் என்றார் ஒருவர். கூரையே இறங்கிவிடும் என்றார் இன்னொருவர். அந்தக் கூச்சலுக்கு நடுவே திரேசா பிலோமியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

“அண்ணே, அவளே வெளிய வந்துட்டா. உள்ள போவ மாட்டேன்னுகினு நிக்கிறா. நாம இன்னா பண்றது?”

சூசை அண்ணன் மகுடத்தை அண்ணாந்து பார்த்தார். காலிக் கொட்டகையைப் பார்த்தார். பிலோமியைப் பார்த்தார். வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், கண்ணீர் வழிந்து மீசை நனைந்துவிட்டது.

“சரிதாம்மா. ஆத்தாவே தீர்ப்பு சொல்லிட்டா. ஆனா என் தேரு மேல ஒரு சொட்டு மழை வுழுந்துது, உங்க ரெண்டு பேரையும் சும்மா வுடமாட்டேன்!” என்று கொட்டகைச் சாவியை அவள் கையில் வைத்தார்.

என் கால் தரையில் இல்லை! துறைமுகத் தோழர்கள் பழைய தார்ப்பாய் கேட்டு வாங்கி வந்தார்கள். கட்டுமரக்காரர்கள் சவுக்குக் கம்பம் நட்டார்கள். மழைக்கு முன்பே தேருக்கு உயரமான புதுக் கூரை எழுந்தது. பழைய கொட்டகையில், சொல்லிக்கொடுப்பவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னல் திறந்தோம். இரண்டாவது பிறை உதித்தது. அதில் என் பிலோமி!

உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து ‘ப’ சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் காகிதம் துள்ளும். வீட்டில் விளக்குச் சுடரிலும் என் மீசையிலும்கூடப் பழகிப் பார்த்தாள். ஒரு மாலை என் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள். உள்ளே சிட்டுக்குருவி போல ஒரு துடிப்பு. காது கேட்கிற எனக்கு அன்றுதான் உடம்பெல்லாம் கேட்டது.

இன்னது கொடு என்று ஆண்டவருக்கு வழி காட்டுவதை விட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் திருவொற்றியூர், எண்ணூர் என்று தெருத் தெருவாகப் போய் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிறேன். தண்டையார்பேட்டைத் தோல் வியாபாரி ஒருவர் தம் மகனோடு வந்தார். “பாய், உள்ள மாதா படம் மாட்டிக்கீது, பரவால்லியா?” என்று தயங்கினேன். “மர்யம் எங்களுக்கும் பெரிய மனுஷிதாம்பா. தள்ளு, புள்ள உள்ள போவட்டும்” என்றார்.

நம்பிக் கேளுங்கள், சகோதரரே. நீங்கள் நினைக்காத வழியில் வரும். சில நேரம் சிரிப்பு மூட்டிக்கொண்டே வரும். இரண்டாவது பிறையும் இப்போது நிறைந்துவிட்டது. நேற்று எண்ணூரிலிருந்து ஒரு தாய் பிள்ளையோடு வந்து வெளியே நின்றாள். ஆகையால் நம் வட்டாரத்தில் அறையைச் சும்மா பூட்டி வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் ஜெபிக்கத் தொடங்கிவிட்டோம்.