தோடி நின்ற நேரங்கள்

பாட்டு நின்றால் பெரியண்ணன் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார்; அடுத்ததாகக் கூரையைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சட்டைப்பையிலிருந்து பேனா வரும். "ஏழு பதினெட்டு. ரெண்டு தடவை. மொத்தம் அம்பத்திரண்டு செகண்டு" என்று வாய்விட்டுச் சொன்னபடியே நீள நோட்டில் எழுதிக்கொள்வார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறை வழியாகப் பின்முற்றத்துக்கு நடப்பார். அங்கிருந்து அண்ணாந்தால் மேல்வீட்டின் சமையலறை ஜன்னல் தெரியும். ஜன்னலில் வெளிச்சம் இருந்தால் 'ஆள் உண்டு' என்று எழுதுவார். இல்லாவிட்டால் 'விளக்கை அணைத்துவிட்டார்கள்' என்று எழுதுவார்.

திரும்பி வரும்போது சமையலறையில் மனைவி பாப்பம்மாள் ஏதாவது ஒரு வேலையோடு மறிப்பாள். "வந்ததுதான் வந்தீங்க, இந்தத் தேங்காயை உடைச்சுக் குடுத்துட்டுப் போங்க." ஒருநாள் ஊறுகாய் ஜாடி மூடி, ஒருநாள் ஃபியூஸ் போன பல்பு. வேலை ஏதும் இல்லாத நாளில் அவள் பக்கத்தில் ஒரு கப் வெந்நீர் மட்டும் இருக்கும். "என்ன சொல்லுச்சு மேல?" என்று கேட்பாள். "நோட் பண்ணி வச்சிருக்கேன்" என்பார் பெரியண்ணன்.

அது அவருடைய மந்திரச் சொல். துறையூர்ப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. ஓர் அமைச்சகத்தின் விஜிலென்ஸ் பிரிவில் செக்ஷன் ஆபீசர். லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் கீழ்த்தள வீடு. காஸ் சிலிண்டர் வந்தால் கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவார். ஆட்டோக்காரர் சுற்றிப் போனால் சண்டை பிடிப்பார்; நேர்வழியில் போனால், "பையா, இத்னா சீதா க்யூன்?" என்று, ஏன் இவ்வளவு நேராகப் போகிறாய் எனக் கேட்டு அவரையே குழப்பிவிடுவார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் பாப்பம்மாள். அதனாலேயே அவள் பக்கம் அவர் கண் அதிகம் போவதில்லை.

சந்தேகத்துக்கு அடுத்தபடியாக அவருக்கு இருக்கும் ஒரே போதை நாதஸ்வரம். தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதையில் குவித்திருக்கும் பழைய இசைத்தட்டுகளைக் கிளறி, இருபது வருடமாகச் சேர்த்த தட்டுகள் நாற்பத்தொன்று. அவற்றை ஒவ்வொன்றாகப் பின்னறைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார். சாதாரண எம்.பி.3 ஆக அல்ல. "அது சக்கைடா. கரும்பு வேணும்னா கரும்பாத்தான் திங்கணும்" என்று, தட்டின் ஒரு பக்கத்துக்கே நானூறு எம்.பி. பிடிக்கிற உயர்தரத்தில். இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரலில், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சேஷு ஒரு சின்னப் பெட்டி அனுப்பினான். கம்ப்யூட்டர் பின்னறையில் இருக்க, பக்கத்திலுள்ள ரூட்டர் வழியாக, ஒயரே இல்லாமல், ஹாலில் இருக்கும் பெட்டி பாடும். நடுவில் இருப்பது சமையலறை ஒன்றுதான்.

முதல் வாரமே வினை ஆரம்பித்தது. வித்துவான் தோடியை எடுத்து மேலே ஏறி, கேட்கிறவர் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரே சுரத்தில் நிற்பார். சரியாக அந்த இடத்தில் பாட்டு அறுந்துவிடும். பெட்டியின் திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். பஃபரிங்.

சேஷு தொலைபேசியில் விளக்கினான். பெரியண்ணன் அதைத் தன் மொழிக்கு மாற்றிப் பாப்பம்மாளிடம் சொன்னார். "டப்பாக்குள்ள ஒரு தொட்டி இருக்கு. அங்கேருந்து வந்து ரொம்பும், இங்க பாட்டா எறங்கும். வர்றது கொறஞ்சா தொட்டி காலி. சின்ன ஃபைலு சொட்டுச் சொட்டாக் குடிக்கும், தாங்கிரும். என் ஃபைலு மடமடன்னு குடிக்கும்."

"நம்ம மொட்டைமாடி டாங்க் மாதிரியா?"

அவள் யதார்த்தமாகக் கேட்டதுதான். பெரியண்ணனுக்குப் பொறி தட்டியது. பதினோரு வருடத்துக்கு முன்பு, அப்போது மேல்வீட்டில் இருந்தவர், பொதுக் குழாயில் டுல்லு பம்பைத் திருட்டுத்தனமாகச் சொருகித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கண்காணித்து, கையும் களவுமாகப் பிடித்தவர் இவர். குழாயில் வரத்துக் குறைந்தால் மேலே எவனோ உறிஞ்சுகிறான். தண்ணீருக்குப் பொருந்தியது காற்றுக்குப் பொருந்தாதா?

துப்பறிவதில் குறை வைக்கவில்லை. பாஸ்வேர்டை இருபத்திரண்டு எழுத்துக்கு நீட்டினார். ரூட்டரின் சேனலை ஒன்று, ஆறு, பதினொன்று என்று மாற்றிப் பார்த்தார். எம்.பி.3 பாட்டைப் போட்டார், நிற்கவே இல்லை. "பாத்தியா, திருடனுக்கும் சக்கை வேண்டாம்" என்றார். ரூட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தபோது, தன் கம்ப்யூட்டருக்குக் கீழே பெயரே இல்லாமல் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக ஓர் ஆசாமி இருந்தான். "சிக்கினான்!" என்று அவனை முடக்கினார். பாட்டு அடியோடு நின்றுபோனது. திருடன் பழிவாங்குகிறான் என்று ஒரு மணி நேரம் கொதித்தார். பிறகு சேஷு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "அப்பா, வோ தோ அப்னா ஹீ பாக்ஸ் ஹை. நம்ம டப்பாவையே புடிச்சு உள்ள போட்டுட்டீங்க."

வேறொருவராக இருந்தால் பட்டியலில் அந்நியன் இல்லை என்று ஆறுதல் அடைந்திருப்பார். பெரியண்ணனுக்கு அது புதுச் சந்தேகம் ஆனது. "ஃபைல்ல பேர் வர்றவன் சின்ன ஆளு. பேரே வராதவன்தான் பெரிய ஆளு. இருபத்தொம்பது வருஷமா பாக்குறேன்."

பின்னறையிலிருந்து ஹாலுக்கு நீள ஒயர் ஒன்றை இழுத்தும் சோதித்தார். இரண்டு நாள், நாற்பத்தொரு தட்டும் ஒரு விக்கல் இல்லாமல் ஓடின. ஆகவே குற்றம் காற்றில்தான் நடக்கிறது என்று முடிவு கட்டினார். அந்த ஒயரையே வைத்துக்கொண்டிருக்கலாம். மூன்றாம் நாள் பாப்பம்மாள், "ஒண்ணு இந்த ஒயரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டு தடவை தடுக்கிட்டேன்" என்று சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

மேல்வீட்டில் இருப்பவர் மரியபுஷ்பம், தூத்துக்குடிக்காரர். அரசு மருத்துவமனையில் நர்ஸ். போன வருடத்திலிருந்து டெல்பின் என்று ஒரு பெண்ணும் உடன் இருக்கிறாள். தங்கச்சி என்றார் மரியபுஷ்பம். முகஜாடை ஒட்டவில்லை என்பதைப் பெரியண்ணன் அன்றே குறித்துக்கொண்டார். டெல்பின் தோளில் எப்போதும் லேப்டாப் பை. ஒருநாள் மாடிப்படியில் மறித்தார்.

"நெட்டு நல்லா வருதாம்மா மேல?"

"வீட்டுல நெட்டே கெடையாது அங்கிள். எல்லாம் ஆபீஸ்லதான்."

"அச்சா" என்று வழிவிட்டார். நெட் இல்லாதவளுக்கு வீட்டில் லேப்டாப் எதற்கு? அதுவும் நோட்டில் ஏறியது.

ஜூலை பதினான்காம் தேதிப் பக்கத்தில் மட்டும் இரண்டு அடிக்கோடு. எட்டு நாற்பது, அடுத்தடுத்து மூன்று முறை. அன்று பெரியண்ணன் ஓட்டமாகவே பின்முற்றத்துக்குப் போனார். சமையலறைத் தரையில் பாப்பம்மாள் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "என்ன, உக்காந்துட்ட?" என்று கேட்டார், பதிலுக்கு நிற்கவில்லை. மேல் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. எழுதிக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினார். கால் மணி நேரத்தில் மரியபுஷ்பம் பிரஷர் பார்க்கும் கருவியோடு கீழே வந்தார். "அண்ணாச்சி, அக்காவுக்குப் பிரஷர் கூடிருக்கு. உப்பக் கொறைங்க. நாளைக்கும் வந்து பாக்கேன்." போகிற போக்கில் அவர் கண் பின்னறை ரூட்டர் மேல் ஒரு நொடி நின்றது. பெரியண்ணன் எழுதினார்: 'நிலைமையை வேவு பார்க்க வந்தார். சந்தேகம் வலுக்கிறது.'

செப்டம்பரில், வைஃபை திருட்டுக்கு மனு போட்டால் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால், வேறு கதவைத் தட்டினார். குடியிருப்பு ஒதுக்கும் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். மேற்படி வீட்டில் தங்கியிருக்கும் பெண் உடன்பிறந்தவர் அல்லர், உள்வாடகைக்கு விடப்பட்டிருப்பதாக ஐயம், விசாரிக்க வேண்டும். டெல்பின் மரியபுஷ்பத்தின் சித்தி மகள் என்பது அதற்குள் அவருக்குத் தெரியவந்திருந்தது. துறையூரில் அவருடைய சித்தி மகளை அவர் தங்கச்சி என்றுதான் இன்றுவரை கூப்பிடுகிறார். கடிதத்தில் அது வரவில்லை. பெயரில்லாத மனுக்களைத் தானே ஒதுக்கித் தள்ளுகிறவர் என்பதால், கீழே முழுப்பெயர் போட்டுக் கையெழுத்திட்டார்.

கவரை ஒட்டி, ஐந்து ரூபாய் தபால்தலையை அழுத்திக்கொண்டிருந்தபோது பாப்பம்மாள் வந்து நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. மேசையில் கிடந்த நகலில் மேல்வீட்டு நம்பர் தெரிந்தது.

"என்னங்க இது?"

சொன்னார்.

"காலி பண்ண வச்சிருவாங்களா?"

"என்கொயரி வரும். தப்பில்லேன்னா ஏன் பயப்படணும்?"

"நைட் டூட்டி முடிஞ்சு விடியக்காலைல பஸ் புடிச்சு வர்ற பொம்பளைங்க. எங்கங்க போயி வீடு தேடும்?"

"காலைல ஆபீஸ் போறப்ப பெட்டியில போட்டுருவேன். முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுப் பெரியண்ணன் தோடியைப் போட்டு உட்கார்ந்தார். பாப்பம்மாள் உள்ளே போனாள்.

ஏழு நாற்பதுக்குப் பாட்டு நின்றது. கடிகாரம், கூரை, பேனா. வந்தது, மறுபடி நின்றது. மூன்றாம் முறை நின்றபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேல பாக்காதீங்க. இங்க வாங்க."

மகன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய மைக்ரோவேவுக்குள், மஞ்சள் வெளிச்சத்தில், ஒரு கப் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். ஹாலில் நாதஸ்வரம் எழுந்தது. ஓடவிட்டாள். சில நொடிகளில் அடங்கியது. ரூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த அந்த அடுப்பின் அலைதான் காற்றில் வந்த பாட்டை மறித்துக்கொண்டிருந்தது.

பெரியண்ணன் நம்பவில்லை. அவளை ஹாலில் உட்காரவைத்துவிட்டுத் தானே அழுத்தினார். "நின்னுருச்சு… வந்துருச்சு… நின்னுருச்சு" என்று அங்கிருந்து குரல் வந்தது. ஏழு முறை. எட்டாவது முறை சாட்சியையே சோதிக்க வேண்டி, 'முடிஞ்சுது, வா' என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் அழுத்தினார். "அப்புறம் ஏன் மறுபடி நின்னுச்சு?" என்றபடி வந்தாள் பாப்பம்மாள்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"டப்பா வந்த மாசமே."

"ஏன் சொல்லல?"

"கூப்பிட்டா, 'இருடி, தோடி போயிட்டிருக்கு'ம்பீங்க. இதை அமுக்கினா எந்திரிச்சு வருவீங்க. மேல பாத்து மொறைக்கிறதோட நிக்கும்னு இருந்தேன். லெட்டர் போடுவீங்கன்னு யாரு கண்டா?"

பெரியண்ணன் நோட்டை எடுத்து வந்து, நின்றபடியே பின்னோக்கிப் புரட்டினார். தேங்காய் உடைத்த நாள். பல்பு மாற்றிய நாள். இரண்டு அடிக்கோடு போட்ட பக்கத்தில் விரல் நின்றது.

"ஜூலை பதினாலு?"

"தலை சுத்துச்சு. எந்திரிக்க முடியல. கையை நீட்டி மூணு தடவை அமுக்கினேன்" என்றாள் பாப்பம்மாள். "வந்தீங்க. என்னைத் தாண்டிப் போயி மேல பாத்தீங்க. அதுக்கப்புறம்தான் கரண்டியால ஜன்னல் கம்பியைத் தட்டி மேல இருக்குற நர்ஸ் புள்ளையைக் கூப்பிட்டேன்."

ஹாலில் தோடி முடிந்து தட்டின் கரகரப்பு மட்டும் கேட்டது. அடுத்த பக்கம் தானாகவே தொடங்கியது.

பெரியண்ணன் கப்பைக் கழுவி, தண்ணீர் பிடித்து, உள்ளே வைத்து அழுத்தினார். பாட்டு நின்றது. தண்ணீர் கொதித்ததும் கப்பை வெளியே எடுத்து, ஆவிக்கு மேல் கவரைப் பிடித்தார். பசை இளகும்வரை பொறுத்திருந்து, நகநுனியால் தபால்தலையை ஓரம் கிழியாமல் உரித்தெடுத்து, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி பாப்பம்மாளின் உள்ளங்கையில் வைத்தார்.