திருப்பி வைத்த தட்டு

ரவ்பிங் கடற்கரையில் எங்கள் நண்டுப் பொரிப்பகத்தில் ஷு பெய்லான் ஒன்பது வருடமாகப் பரிசோதனை வேலை பார்க்கிறாள். குஞ்சு நகமளவு இருக்கையில் ஆணா பெண்ணா என்று கண்ணுக்குத் தெரியாது. எண் போட்ட பெட்டிக்கு ஒன்றாக விட்டிருக்கும் குஞ்சுகளின் கால் நுனியைப் பெய்லான் துளி கத்தரித்து, குழிகள் உள்ள தட்டில் வரிசையாக இட்டு மரபணுவைச் சோதிப்பாள். சோதனை முடிவில் கிடைக்கும் படத்தில் இரண்டு கோடு விழுந்தால் பெண், ஒன்று என்றால் ஆண். சினை நண்டுக்குத்தான் சந்தையில் கிராக்கி என்பதால் குஞ்சு வாங்கி வளர்க்கும் குளத்துக்காரர்களுக்கு அவள் டீச்சர்.

போன வசந்தத்தில் குளத்துக்கார ஹுவாங்குக்குப் பெண் குஞ்சுகளாகப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து அவர் ஒரு கூடையோடு வந்து நண்டுகளை மல்லாத்திக் காட்டினார். பாதிக்கு மேல் அடிவயிற்று மடல் ஒடுங்கிக் கூராக இருந்தது. ஆண்கள்.

"என்ன டீச்சர், பொண்ணுன்னு சொல்லி மாப்பிள்ளைங்களை அனுப்பிட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பெய்லான் உள்ளே போய் அன்றைய படத்தைத் தேடி எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் நீர் மட்டும் விடுகிற கடைசிக் குழியில் கோடு இருந்தது. முதல் குழி காலியாக இருந்தது. மாதிரிகள் இருந்த தட்டையே அவள் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறாள். முதல் பெட்டி நண்டின் விடை நீர்க் குழிக்கும், மற்றவற்றின் விடைகள் வேறு வேறு பெட்டிகளுக்கும் போய்விட்டன.

வெளியே மேலாளர் கத்திக்கொண்டிருந்தார். "நம்பரே ஒழுங்காப் படிக்கத் தெரியாதவளைப் பெட்டி பார்த்துக்க வெச்சது என் தப்பு!"

பெட்டிகளைப் பராமரிப்பது குவோ சுஹுவா. "நான் மாத்தலைங்க. நீ சொல்லு பெய்லான், உன் கூடத்தானே நின்னேன்?"

"தெரியலையே அக்கா," என்றாள் பெய்லான், தரையைப் பார்த்தபடி.

அன்றே சுஹுவாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் பெய்லான் அந்தப் படத்தை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தாள். நான்காம் நாள் படத்தை மேலாளர் முன் வைத்தாள்.

"தெரிஞ்சதாவே காட்டிக்காதே," என்றார் அவர். "பரிசோதனையே தப்புன்னா ஒருத்தனும் இங்க வரமாட்டான்."

அதைக் கேட்டதும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். அந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நேரே ஹுவாங்கின் குளக்கரைக்குப் போய், வேலையாட்கள் நடுவிலேயே தட்டு விஷயத்தைச் சொன்னாள். பிறகு சுஹுவா வீட்டுக்கு.

சிப்பி உடைத்துக்கொண்டிருந்த சுஹுவா தலை நிமிரவில்லை. "அன்னிக்கு உன் முகத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்க்கா சும்மா இருந்தீங்க?"

"நீ சொன்னா நம்புவாங்க. நான் சொன்னா?"

சுஹுவா உட்காரவும் சொல்லவில்லை, பெய்லான் நின்றபடியே இருந்துவிட்டுத் திரும்பினாள்.

ஹுவாங் பிடிவாதமாக நின்றதால் சுஹுவாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பெய்லானைப் பரிசோதனைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். இப்போது உதவியாளாக அவள் மாதிரி நிரப்பும் ஒவ்வொரு தட்டையும் புதிதாக வந்த பெண் சரிபார்க்கிறாள். மதியம் சுஹுவா வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அங்கே ஒரு முக்காலி காலியாகத்தான் இருக்கிறது. பெய்லான் இன்னும் அதில் போய் உட்காரவில்லை.